ஒரு கிரேக்கச் சொல், இரு வாசிப்புகள்

கிறிஸ்தவ வேதாகமத்தின் 1 கொரிந்தியர் 6:9-இல் அப்போஸ்தலர் பவுல் எழுதிய 'அர்செனோகொய்தாய்' என்னும் கிரேக்கச் சொல், பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து நிற்கும் 'ஆண்', 'படுக்கை' என்ற சொற்களின் இணைப்பு என்பதால், ஆண்களுக்கிடையிலான உறவு முழுவதையும் அது விலக்குகிறது என்பது மரபுவழி வாசிப்பு. மறுதரப்போ, அடிமைகளையும் சிறுவர்களையும் பயன்படுத்திய அக்காலச் சுரண்டலையே அச்சொல் குறிக்கிறது என்றும், 1946-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத் திருத்தப் பதிப்பு அங்கே 'ஹோமோசெக்சுவல்ஸ்' (தன்பாலின ஈர்ப்பாளர்) என்று போட்டது பிற்காலக் கருத்தைப் புகுத்தியதே என்றும் வாதிடுகிறது.

சொல்லாராய்ச்சியில் முதல் தரப்பின் கையே ஓங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே வசனத்தில் அச்சொல்லுக்கு முன் வரும், மென்மையானவர் எனப் பொருள்படும் 'மலகோய்', நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'சுயபுணர்ச்சிக்காரர்' ஆகியிருப்பதைக் கண்டால், மொழிபெயர்ப்பை மட்டும் நம்பித் தீர்ப்பிடத் தயக்கம் வருகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இதே பொருளைக் கண்டிக்கும் பவுலும், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனை நோக்கி, "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்கிறார்.