பாலத்தைப் பார்ப்பதா, போக்குவரத்தைப் பார்ப்பதா?

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் ஊர் நம்முடையது. கீழ்ப்பாக்கத்து ஸ்கேன் சென்டருக்குத் தம்பியைக் கூட்டிப்போனபோது முதலில் வெளியே வைக்கச் சொன்னதே அம்மாவின் சாவியைத்தான். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு முன் இரும்பு ஆகாது. அதே எம்.ஆர்.ஐ.யில் வலிப்பை ஆராய இரண்டு வழி: மூளையின் இரு பாதிகளுக்கு நடுவேயுள்ள பாலத்தைப் பார்க்கும் டி.டி.ஐ., போக்குவரத்தைப் பார்க்கும் ரெஸ்டிங் எஃப்.எம்.ஆர்.ஐ. எது எதற்கு உதவும்?

மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் சுமார் 20 கோடி நரம்பிழைகள். தண்ணீரின் நகர்வை அளக்கும் டி.டி.ஐ. தேடுவது அவற்றைத்தான். தண்ணீர் மூலக்கூறு இழையின் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே சிரமப்படும். அந்தத் திசையை வைத்துப் பாதை வரைகிறார்கள். டெம்போரல் லோபில் (காதருகே உள்ள மூளைப்பகுதி) தொடங்கும் வலிப்புள்ளவர்களில் இந்தத் திசைக்கட்டு தளர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில்தான் வம்பு. கத்திப்பாராவில் வழி தவறிய வண்டி மாதிரி கோடு எங்கோ போய்விடும்.

ரெஸ்டிங் எஃப்.எம்.ஆர்.ஐ. இழையைப் பார்ப்பதில்லை; சும்மா படுத்திருக்கும்போது மூளைப் பகுதிகள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்கிறது. விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையில் இருபக்கமும் உள்ள, உடலசைவை இயக்கும் பகுதிகளில் ரத்த ஆக்சிஜன் சிக்னல் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995-ல் பரத் பிஸ்வால் குழு காட்டியது. வலிப்பில் அந்த ஒத்திசைவு எங்கே குலைகிறது என்று பார்க்கலாம். ஆனால் தலை துளி அசைந்தால் போச்சு. தூங்கிவிட்டாலும் கணக்கு மாறும். தம்பி குறட்டையே விட்டான்.

வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் பரவாமலிருக்கக் கலோசத்தை வெட்டும் அறுவைக்குப் பின் எவ்வளவு இழை மிச்சம் என்று அறிய, என் ஓட்டு டி.டி.ஐ.க்கு. ரெஸ்டிங் எஃப்.எம்.ஆர்.ஐ., தனி ஒரு நோயாளிக்கு முடிவு சொல்வதைவிட ஆராய்ச்சிக்கே இன்று அதிகம் உதவுகிறது. மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யின் இடத்தை இரண்டுமே பிடிக்காது.