டாக்டரைப் பற்றி எங்கே தேடுவது: தேசியப் பதிவேடா, மாநில கவுன்சிலா, ஆப்பா?

டாக்டர் பெயரை கூகுளில் தட்டினால் முதலில் வருவது நட்சத்திரங்களும் கிளினிக் நேரமும். பிராக்டோ போன்ற ஆப்களும் இந்த ரகம்தான்: கட்டணம், காத்திருக்கும் நேரம், அப்பாயிண்ட்மென்ட். இதற்கெல்லாம் இவை நல்லவை. ஆனால் அங்கே 'ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி சிகிச்சைக்குப் போகக் கூடாது.

படிப்பைத் தெரிந்துகொள்ள, தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இருக்கும் இந்திய மருத்துவப் பதிவேடுதான் முதல் இடம். 2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவ கவுன்சில் (எம்.சி.ஐ.) போய் இந்த ஆணையம் வந்தது. பதிவு எண், பதிவான ஆண்டு, எந்த மாநில மருத்துவ கவுன்சில், என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் எல்லாம் அங்கே கிடைக்கும். பெயர் நீக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பெயரை வைத்துத் தேடினால்தான் சிக்கல். பலகையில் 'எஸ். கார்த்திக்' என்று இருப்பவர் பதிவேட்டில் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து இருப்பார். 'முத்து'வை ஆங்கிலத்தில் ஹெச் போட்டு எழுதுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. அதனால் எண்ணைக் கொண்டு தேடுங்கள். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002 நெறிமுறை விதி. ஆனால் ஒரே எண் பல மாநிலங்களில் வேறு வேறு ஆளுக்கு இருக்கும். கவுன்சிலையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் யாரோ ஒருவர் வந்து நிற்பார். கேரளக்காரர்களைத் திருவாங்கூர் கொச்சி கவுன்சில் என்ற பெயரில் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பட்டியல் எப்போது தேவைப்படும்? மாநிலத்தில் பதிவானது தேசியப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகலாம். புதிதாகப் பதிவானவரோ, அண்மையில் எம்.எஸ். என்ற மேற்படிப்பைப் பதிவில் சேர்த்தவரோ அங்கே விடுபட்டிருக்கலாம். அப்போது மாநிலப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான டாக்டர் மீது புகார் என்றாலும் முதலில் போக வேண்டியது இங்கேதான்.

பட்டத்தைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நிதானியுங்கள். ரஷ்யாவில் படித்தவர்களின் 'எம்.டி. பிசிஷியன்' நம்மூர் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான முதல் பட்டம், மேற்படிப்பு அல்ல. அவர் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு எழுதித் தேறிய முறையான டாக்டராகவே இருப்பார். ஆனால் பலகையிலும் ஆப்பிலும் வெறும் 'எம்.டி.' என்று இருந்தால் பொது மருத்துவ நிபுணர் என்றுதான் நோயாளி நினைப்பார். பதிவேட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தனியாக ஒரு மேற்படிப்புப் பட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

பல் மருத்துவர், சித்த மருத்துவர் பெயர்கள் இந்த இரண்டு பட்டியலிலும் வராது. அவர்களுக்கு தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில், தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சில் என்று தனித்தனியே இருக்கின்றன. அங்கே தேடாமல் யாரையும் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.