அடிமுறை, வடக்கன் களரி, சிலம்பம்: குமரி மாவட்டத்தில் எதைக் கற்பது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைக்கு ஒரு தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு இன்று பெரும்பாலும் நான்கு வழிகள் உள்ளன: ஊர் ஆசானிடம் பயிலும் அடிமுறை, களியக்காவிளையைக் கடந்து கேரளத்துக்குச் சென்றால் கிடைக்கும் வடக்கன் களரி, தமிழகமெங்கும் பரவியுள்ள சிலம்பம், பள்ளி வளாகத்திலேயே மாலை வகுப்பாக நடக்கும் கராத்தே. ஒக்கினாவாவிலிருந்து வந்த கராத்தேயைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். மற்ற மூன்றையும் "எல்லாம் களரிதானே" என்று ஒரே கணக்கில் சேர்ப்பவர்கள் நம்மூரில் ஏராளம். முதல் நாள் பயிற்சியைப் பார்த்தாலே அந்தக் கணக்கு பொருந்தாது என்பது விளங்கிவிடும்.

வடக்கன் களரி நடக்கும் இடமே அளவும் திசையும் வகுத்துக் கட்டப்படுவது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்டு, கிழக்கே வாசலும் தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை என்னும் வழிபாட்டு மேடையும் அமைந்த கூடம் அது. அடிமுறைக்கு அத்தகைய கட்டடம் தேவையில்லை. தென்னை விளையில் ஓலை மறைப்புக்குள் நிரப்பான தரை இருந்தால் போதும். பாடத்தின் வரிசையும் நேர் எதிரானது. வடக்கன் முறையில் மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி முதலில் வருகிறது. யானை, குதிரை, சிங்கம், பன்றி, பாம்பு, மயில் போன்ற வடிவுகளில் உடலைத் தாழ்த்தியும் நீட்டியும் வளைத்துப் பழகிய பிறகே கோல்தாரி என்னும் கம்புப் பயிற்சியும், வாள், பரிசை என்னும் கேடயம், உறுமி என்னும் சுருள்வாள் முதலியவற்றைக் கொண்ட அங்கத்தாரியும் கற்பிக்கப்பட்டு, வெறுங்கைச் சண்டை கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. அடிமுறையோ வெறுங்கையில் தொடங்குகிறது. ஒற்றைச்சுவடும் கூட்டச்சுவடும் நான்கு திசைகளிலும் எதிரி நிற்பதாகக் கருதி அடியெடுத்து வைக்கும் பயிற்சிகள். அவற்றோடு அடிதடையும், எதிரியின் கைகால்களை மடக்கும் பூட்டும், பிடியிலிருந்து விடுபடும் பிரிவும் சேர்ந்தபின் குறுவடி, நெடுவடி, கத்தி என்று ஆயுதங்கள் வருகின்றன. அடிமுறையில் வடக்கனைப் போலத் தரையோடு தாழும் நிலைகள் குறைவு. உயரத் தாவும் பாய்ச்சலும் குறைவு. அதனால் மேடையில் பார்க்கும்போது அது சோபிப்பதில்லை. நெருக்கத்தில் நின்று கையைப் பிடித்தவனிடமிருந்து விடுபட வேண்டிய நிலையில் அதன் சிக்கனம் புரியும்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இரு வேறு வரலாறுகள் இருக்கின்றன. வடக்கன் களரி நாட்டுத் தலைவர்களின் படைகளுக்கு வீரர்களை உருவாக்கிய முறை. உடலை முதலில் ஆயுதத்துக்குத் தக்கதாக்குவது அதன் நோக்கமாக இருந்ததில் வியப்பில்லை. வாளின் காலம் முடியத் தொடங்கியதை நம் மாவட்டத்திலேயே காணலாம். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைக் கொண்டே தம் படைக்கு ஐரோப்பியத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அந்தத் தளபதியின் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-இல் ஒடுக்கப்பட்டபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1878-இன் ஆயுதச் சட்டம் எஞ்சியதையும் சுருக்கியது. வடக்கன் களரி மீண்டும் தலைதூக்கியது 1920-களில், தலச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் அதை மக்கள் முன் மேடையேற்றியபோதுதான். ஆகவே இன்று நாம் காணும் வடக்கனில் போர்க்களத்தின் சாயலோடு மேடையின் சாயலும் கலந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். அது குறையன்று, கற்க வருபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

அடிமுறைக்கு அப்படியொரு மேடை வாய்க்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 1958-இல், கேரளத்தில் களரிப்பயிற்றுச் சங்கம் உருவாகி அரசு விளையாட்டுக் குழுவின் ஆதரவைப் பெற்றபோது, எல்லைக்கு அப்பால் பயிலப்பட்ட இதே கலை "தெற்கன் களரி" என்ற பெயரில் அங்கே ஒரு பிரிவாக இடம்பெற்றது. எல்லைக்கு இப்பால் தமிழக அரசின் கவனம் சிலம்பத்தின் பக்கம் போயிற்று. இரு மாநிலங்களுக்கும் நடுவே விழுந்த அடிமுறையை ஆசான்களின் வீட்டு முற்றங்களே காப்பாற்றின. அதன் நல்லதும் கெட்டதும் அங்கிருந்தே வருகின்றன: பாடம் நீர்க்கவில்லை, ஆனால் ஓர் ஆசானின் சுவடுக்கும் அடுத்த ஊர் ஆசானின் சுவடுக்கும் பொதுவான தரம் என்று எதுவும் இல்லை.

வர்மம், அதாவது உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய அறிவுதான் அடிமுறையை மற்ற இரண்டிலிருந்தும் தெளிவாகப் பிரிக்கிறது. வடக்கன் குருக்களுக்கும் மர்மம் என்ற பெயரில் அந்த அறிவு உண்டு. சுசுருத சம்ஹிதை சொல்லும் 107 மர்மங்களும் களரிக்காரர்கள் தனியே பாடம் சொல்லும் 64 குலமர்மங்களும் அவர்கள் மரபில் உள்ளன. ஆனால் தெற்கே அது கலையின் நடுநாடி. உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதற்கு அடுத்த நிலையிலுள்ள தொடுவர்மம் 96, ஆக 108 என்று அகத்தியர் பெயரால் வழங்கும் தமிழ்ச் சுவடிகள் கணக்கிடுகின்றன. உச்சியில் கொண்டைக்கொல்லி, புருவ மத்தியில் திலர்தம் என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் பெயரும் அடிபட்டால் தோன்றும் குறிகளும் சொல்லப்படுகின்றன. அடிபட்டவரை மீட்கும் அடங்கலையும் இளக்குமுறையையும் தடவுமுறையையும் கற்காதவருக்கு அடிக்கும் வர்மத்தைச் சொல்லித்தருவதில்லை என்பது மரபு. எனவே பல ஆசான்கள் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் மருந்து கட்டும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். அதே சமயம், பார்வையாலேயே எதிரியை வீழ்த்தலாம் என்றும், விரல் பட்டால் நாள் குறித்துச் சாவான் என்றும் கூறி மாணவர் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். அசைந்துகொண்டிருக்கும் ஆளின் உடம்பில் ஒரு சிறு புள்ளியைத் துல்லியமாகத் தாக்குவது பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் அரிது. வர்மத்துக்கு முன் சுவடும் தடையும் உறுதிப்படாவிட்டால் அது வெறும் மனப்பாடம்.

சிலம்பத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றிலும் எளிதில் தொடங்கக்கூடியது அதுவே. நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பும் கொஞ்சம் இடமும் போதும். தொடுமுறைப் போட்டிகளும் பரிசுகளும் சான்றிதழ்களும் அதில் உண்டு. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. விளையாட்டு வழியாக முன்னேற நினைக்கும் மாணவருக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நேரான பாதை இல்லை. அடிமுறையில் அந்தப் பாதையை எதிர்பார்ப்பது வீண்.

ஆயுதத்தை வைத்துத் தேர்வு செய்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றையும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாத 9 அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திகளையும் கட்டுப்பாட்டுக்குரியவையாக வரிசைப்படுத்துகின்றன. சுருள்வாளை எவ்வளவு நன்றாகச் சுழற்றினாலும் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு வடசேரிப் பேருந்து நிலையத்தில் நிற்க முடியாது. தெருவில் உதவுவது வெறுங்கையும், குடை அல்லது கைத்தடி அளவுள்ள குறுவடியின் பழக்கமும்தான்; வெறுங்கையைப் பாடத்தின் தொடக்கத்திலும் குறுவடியை முதல் ஆயுதமாகவும் வைத்திருப்பது அடிமுறை.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடல் வளைவும் ஒழுங்கும் வேண்டுமென்றால், திருவனந்தபுரம் வரை வாரந்தோறும் போய்வர வசதியுள்ளவர்கள் வடக்கனைத் தேர்ந்தெடுக்கலாம். 1956 முதல் அந்த நகரில், சி.வி. நாராயணன் நாயரின் பெயர் தாங்கிய சி.வி.என். களரி இயங்கி வருகிறது. போட்டியும் சான்றிதழும் வேண்டுவோர் சிலம்பத்துக்குப் போகட்டும். வளர்ந்த பெண்களும், வேலைக்குச் செல்பவர்களும், உடலை ஓரளவுக்கு மேல் வளைக்க இயலாதவர்களும் தற்காப்பையே நாடுவார்களானால் என் பரிந்துரை அடிமுறை. ஆனால் சேருமுன் ஆசானின் களரிக்குப் போய், மூத்த மாணவர்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே தாக்கித் தடுத்துப் பழகுகிறார்களா, அல்லது காற்றில் மட்டும் சுவடு வைக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டாவது வகையென்றால், அந்த ஆசான் எவ்வளவு பழைய ஏட்டுச்சுவடியை எடுத்துக் காட்டினாலும் வேறு களரியைத் தேடுவதே நல்லது.