ஆன்டி சீஸ் பேஸ்ட்: டப்பா நல்ல டப்பாதான், புது ஸ்பார்க் பிளக்கில் மட்டும் பூசாதீர்கள்

மரைகள் ஒன்றையொன்று கடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசுவதுதான் ஆன்டி சீஸ். மூடியிலேயே பிரஷ் வைத்த வெள்ளி நிற டப்பா ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் பாதிகூடத் தீரவில்லை, இந்த ஜென்மத்தில் தீரும் என்றும் தோன்றவில்லை. ஒரு துளி விரலில் பட்டால் போதும், அரை மணி நேரத்தில் போன், சட்டை, கதவுக் கைப்பிடி எல்லாம் வெள்ளி முலாம்தான். கையுறை போடாமல் திறக்காதீர்கள்.

வாங்கியது ஸ்பார்க் பிளக்குக்காக. அதற்கு முந்தைய தடவை பழைய பிளக்கைக் கழற்றியபோது கிறீச் கிறீச் என்று அழுதுகொண்டே வெளியே வந்தது, மரையில் ஹெட்டின் (பிளக்கைத் திருகும் எஞ்சின் மேல்பாகம்) அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அலுமினிய ஹெட்டில் இரும்பு மரை, அதோடு சூடும் ஈரமும் கார்பனும் சேர்ந்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் நான்கு புதுப் பிளக்குக்கும் தாராளமாகப் பூசிவிட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐட்லிங்கில் மிஸ்ஸிங், அதாவது நின்றபடி ஓடும்போது எஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கில் சாம்பல் பளபளப்பாக ஒரு படலம். பேஸ்டில் இருப்பது அலுமினியத் தூளும் கிராஃபைட்டும், இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தும். பிரஷை மரையின் நுனிவரை இழுத்தது என் தப்பு, பொறி இடைவெளியில் தாவாமல் அந்தப் படலம் வழியாகவே இறங்கியிருக்கிறது.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வாஷர். 14 மி.மீ. பிளக், அலுமினிய ஹெட், 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது, நானும் டார்க் ரெஞ்சை (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) 28-இல் வைத்து கிளிக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். ஆனாலும் வாஷர் தகடு மாதிரி நசுங்கிக் கிடந்தது. காரணம் இதுதான்: நாம் திருப்பும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும், கொஞ்சம்தான் உண்மையில் இறுக்கமாக மாறும். பேஸ்ட் பூசினால் உராய்வு குறைகிறது, ரெஞ்ச் அதே 28-ஐக் காட்டும், மரையோ அதற்கு மேல் இழுபடும். மரை போனால் பிளக் விலை இல்லை, ஹெட் வேலை.

பிளக் தயாரிக்கும் என்ஜிகே கம்பெனியே பூச வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அவர்கள் பிளக்கின் உலோக உடலில் உள்ள முலாமே ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பேஸ்ட் பூசினால் இறுக்கம் 20 சதவீதம் வரை கூடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு, வழக்கம்போல. ஆகவே உடல் வெள்ளி நிறத்தில் பளபளத்தால் பேஸ்ட் வேண்டாம். முலாம் இல்லாத கறுப்பு உடல் என்றால் மெல்லிசாக, நுனியில் இரண்டு மூன்று மரையை விட்டுவிட்டுப் பூசலாம், ரெஞ்ச் அளவையும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பூசாமல் இருப்பதே மேல்.

இப்போது நான் செய்வது: எஞ்சின் நன்றாக ஆறியதும் கழற்றுவேன், குழியைச் சுற்றி ஊதிவிட்டு, புதுப் பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருகுவேன். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் அதற்குப் பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு வரை. வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதும், அங்கே வீரம் காட்டக் கூடாது. அப்புறம், பிளக் கேப்புக்குள் தடவும், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வேறு, இது வேறு. இதை அங்கே தடவினால் கதை கந்தல்.

பேஸ்டைக் குறை சொல்ல மாட்டேன். சைலன்சர் போல்ட்டுகளில் போட்டு ஒரு வருடம் கழித்துக் கழற்றியபோது சுத்தியல் தேவைப்படவில்லை, முதல் திருப்பிலேயே விட்டுக்கொடுத்தது. சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்தில் மெல்லிசாகத் தடவினாலும் துருப்பிடித்து ஒட்டாது, ஆனால் வீல் நட்டு மரைக்கு வேண்டாம், அங்கேயும் இதே டார்க் சிக்கல்தான். டப்பாவுக்கு ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைக் குறைத்தது அந்த பிரஷுக்காக, தேவையானதைப் போலப் பத்து மடங்கு அள்ளிக்கொண்டு வருகிறது.