போட்டிக்கு .45 தயார் செய்யக் கொடுப்பவர்களுக்கு: பில் வரிக்கு வரி எச்சரிக்கை

அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளுக்காக 1911 வகை பிஸ்டலை கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்) ஒப்படைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சிங்கிள் ஸ்டாக் (மேகசினில் தோட்டா ஒற்றை வரிசையாக அடுங்கும் துப்பாக்கிகள்) பிரிவுக்குத் தயார் செய்யச் சொல்லி ஒரு .45 ஏ.சி.பி. துப்பாக்கி ஒரு கடைக்குப் போனது. ஆறு வாரம் என்றார்கள், ஐந்து மாதம் ஆனது. பில்லில் ஆறு வரி: ட்ரிகர் ஜாப், மேட்ச் பேரல் (போட்டிக்கான குழல்) பொருத்தியது, ஃபீட் ராம்ப் (மேகசினிலிருந்து தோட்டா ஏறிப் போகும் சரிவு) பாலிஷ், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி), ஸ்பிரிங் செட், சைட் (குறி பார்க்கும் பாகம்). அந்தத் தொகைக்கு இன்னொரு புது 1911 வாங்கியிருக்கலாம். முதல் போட்டியின் மூன்றாவது ஸ்டேஜில், ஒரு முறை ட்ரிகரை இழுத்ததற்கு இரண்டு ரவுண்டு வெடித்தது. ரேஞ்ச் ஆஃபீசர் அங்கேயே நிறுத்தினார். தகராறு இன்னும் முடியாததால் கடையின் பெயர் இங்கே இல்லை. துப்பாக்கியைப் பிரித்தபோது ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன இருந்தது என்பது மட்டும் இருக்கிறது.

கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் காலித் துப்பாக்கியில். மேகசினை எடுத்து, சேம்பரைக் (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேஜை மேல் ஒரு உயிருள்ள தோட்டாகூட இல்லாமல் செய்ய வேண்டியவை. டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) தேவைப்படுபவற்றைப் போட்டித் திடலின் சேஃப்டி ஏரியாவில் செய்யக் கூடாது, அங்கே டம்மிக்கும் அனுமதி இல்லை. சரியான இடம் கடையின் கவுன்டர்தான், அதுவும் பணம் கட்டும் முன்.

ட்ரிகரில் இருந்து ஆரம்பிப்போம். "3 பவுண்டு, கண்ணாடி போல் உடையும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ட்ரிகரை இழுக்கும் விசையைக் கேஜில் அளந்தால் உண்மையிலேயே 3 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் காட்டியது. சிக்கலே இங்கேதான். 3 பவுண்டை இரண்டு வழியில் கொண்டுவரலாம். நேர்வழி என்றால், சியர் (ஹேமரை ஏற்றிய நிலையில் பிடித்து நிறுத்தும் துண்டு) முனையையும் ஹேமரின் (தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தி) இரண்டு கொக்கிகளையும் ஜிக்கில் வைத்து நுண்ணிய கல்லால் தேய்த்து, கொக்கி சதுரமாகவும் இரண்டும் ஒரே உயரமாகவும் 0.018 அங்குலத்துக்கு அருகில் நிற்கும்படி செய்வது. இதற்கு மணிக்கணக்கில் ஆகும். இன்னொன்று நோகாமல் நோன்பு கும்பிடும் வழி: மூன்று இதழ் சியர் ஸ்பிரிங்கைக் குறடால் பின்னுக்கு வளைத்துவிடுவது. இரண்டு நிமிடம் போதும். ஒரு இதழ் சியரைத் தள்ளுகிறது, நடு இதழ் டிஸ்கனெக்டரையும் (ட்ரிகரைச் சியரோடு இணைக்கும் துண்டு) ட்ரிகரையும் தள்ளுகிறது, மூன்றாவது கிரிப் சேஃப்டிக்கு. முதல் இரண்டையும் தளர்த்தினால் கேஜில் எடை குறையும், கடையில் இழுத்துப் பார்ப்பவருக்கு முகம் மலரும்.

அது ரேஞ்சில் ஏன் இரண்டாக வெடிக்கிறது? ஸ்லைடு முன்னே வந்து மோதும்போது துப்பாக்கி சட்டென்று முன்னே தள்ளப்படுகிறது. ட்ரிகரோ தன் எடையால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்து, பின்னுக்கு ஓடி டிஸ்கனெக்டர் வழியாகச் சியரைத் தட்டுகிறது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் இந்தத் தட்டலைத் தாங்கும். வளைத்துத் தளர்த்திய ஸ்பிரிங் தாங்காது. ஹேமர் ஸ்லைடோடு சேர்ந்து கீழே இறங்கும். அரைக் காக்கில் (ஹேமரைப் பாதி வழியில் நிறுத்தும் இடம்) மாட்டினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் அடுத்த ரவுண்டும் வெடிக்கும்.

இந்தத் துப்பாக்கியில் சியர் முனைக்குக் கறுப்பு மார்க்கர் பூசி, ஹேமரோடு சேர்த்து இருபது முறை இயக்கிப் பார்த்தோம். இடது ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு மை அழிந்திருந்தது. வலது பக்கம் பூசியது பூசியபடியே. அதாவது ஹேமரைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு கொக்கியின் ஓரம். கல் பட்ட தடமே இல்லை. ட்ரிகர் ஜாப் என்ற வரிக்கு நடந்த வேலை அந்தக் குறடு மட்டும்தான்.

கவுன்டரில் இதைப் பிடிக்க வழி உண்டு. மேகசினில் டம்மி ரவுண்டு போட்டு, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, ட்ரிகரில் விரல் படாமல் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தி விடுங்கள். இருபது முறை. ஒரு தடவைகூட ஹேமர் கூடவே இறங்கக் கூடாது. காலி சேம்பரில் இதைச் செய்யாதீர்கள். தோட்டாவை உருவும் தடை இல்லாமல் ஸ்லைடு முழு வேகத்தில் மோதினால் நல்ல சியர் முனையும் நசுங்கும். அடுத்தது தம்ப் சேஃப்டி. டம்மியையும் எடுத்துவிட்டு, ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுத்துவிட்டு, ஹேமரைக் காதருகே வைத்துக் கட்டை விரலால் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்துவிட்டது, இப்போது திரும்ப உட்காருகிறது என்று அர்த்தம். சேஃப்டி சரியாகப் பொருத்தப்படவில்லை. சத்தம் கேட்டால் பணம் கட்டாதீர்கள். கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் பிடித்து இழுத்தாலும், ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னே தள்ளி வைத்து இழுத்தாலும் ஹேமர் விழக் கூடாது.

பேரலுக்கு வருவோம். மேட்ச் பேரல் என்பது ஹுட்டிலும் (பேரலின் பின்பக்க நாக்கு) லக்கிலும் (பேரலைப் பூட்டும் மேடுகள்) வேண்டுமென்றே கூடுதல் உலோகத்தோடு வரும். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த ஸ்லைடுக்கென்றே பொருத்த வேண்டும். இதில் ஹுட்டின் பின் முனையில் அரம் பட்ட அடையாளமே இல்லை. அப்படியே போட்டுக்கொள்ளும் வகைப் பேரல். அது தளர்வாக ஆடியதை மறைக்க, பேரலை ஸ்லைடு ஸ்டாப் பின்னோடு இணைக்கும் 0.278 அங்குல வழக்கமான லிங்க்குக்குப் பதில் நீளமான லிங்க்கைப் போட்டிருந்தார்கள். நன்றாகப் பொருத்திய பேரலில் லோயர் லக் ஸ்லைடு ஸ்டாப் பின்னின் மேல் ஏறி நிற்கும். லிங்க்கின் வேலை பேரலைக் கீழே இழுப்பது மட்டும். நீள லிங்க்கில் பேரல் அந்தச் சின்னத் துண்டின் மேலேயே நிற்கிறது. இலக்கில் கொஞ்ச நாள் அழகாகச் சுடும், பிறகு லிங்க் உடையும், இல்லாவிட்டால் லோயர் லக்கில் விரிசல் விடும். ஸ்லைடு முழுதாக மூடியிருக்கும்போது எஜெக்ஷன் போர்ட் வழியாக ஹுட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தை மாதிரி இறங்கி ஏறினால் அங்கே பொருத்தும் வேலை எதுவும் நடக்கவில்லை.

ஃபீட் ராம்ப்தான் இருப்பதிலேயே கொடுமை. மற்றவை செய்யாத வேலைக்கு வாங்கிய காசு, இது செய்து கெடுத்த வேலை. ஃபிரேம் ராம்ப்பின் கோணம் 31.5 டிகிரி. அதன் மேல் விளிம்புக்கும் பேரல் ராம்ப்பின் கீழ் விளிம்புக்கும் நடுவே 1/32 அங்குலப் படி இருக்க வேண்டும். பாலிஷ் என்றால் அந்த வடிவத்தைத் தொடாமல் பளபளப்பாக்குவது. இங்கே ட்ரெமலை (வேகமாகச் சுழலும் கைக் கருவி) ஓட்டி மேல் விளிம்பை உருட்டி, பேரலின் தொண்டையையும் சேம்பருக்குள் தோண்டியிருந்தார்கள். விளைவு, தோட்டாக் கூட்டின் அடிப்பக்கத்துக்குக் கீழே தாங்க எதுவும் இல்லை. சுட்ட கூட்டை எடுத்துப் பார்த்தால் தலைக்குச் சற்று மேலே, ஒரே பக்கத்தில் தொப்பை போட்டிருக்கும். .45 ஏ.சி.பி.யின் உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. என்பதால் பிழைத்தது. 35,000 பி.எஸ்.ஐ. வரை போகும் .40 எஸ். அண்ட் டபிள்யூ.வில் இதே வேலையைச் செய்திருந்தால் கூடு கிழிந்து மேகசின் கையில் வெடித்திருக்கும். எடுத்த உலோகம் திரும்பி வராது. இனி ஃபிரேமை மில்லிங்கில் வெட்டி, ராம்ப்போடு சேர்ந்த பேரல் போடுவதுதான் வழி.

எக்ஸ்ட்ராக்டர் புதிது என்று பில் சொன்னது. உள்ளே இருந்தது பழையதேதான், கொஞ்சம் வளைத்து விட்டது. ஸ்லைடைத் தனியே கழற்றி, டம்மி ரவுண்டைக் கொக்கியின் கீழே நுழைத்து மெல்ல ஆட்டுங்கள். விழாமல் பிடித்திருக்க வேண்டும். உடனே விழுந்தால் காலிக் கூடு வெளியேறாமல் போர்ட்டில் நட்டுக்கொண்டு நிற்கும். நுழையவே அடம் பிடித்தால் ஸ்லைடு முழுதாக மூடாது.

ஸ்பிரிங் செட் என்ற வரியில் வந்தது 12 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங். 5 அங்குல .45க்கு வழக்கமானது 16. போட்டிக்கென்று மென்மையாக ஏற்றிய தோட்டாவுக்கு 14 வரை இறங்கலாம். 12ஐப் போட்டுவிட்டு 230 கிரெயின் ஃபேக்டரி தோட்டாவைச் சுட்டால் ஸ்லைடு ஃபிரேமைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். பத்து டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கும் சாமான் இது. ஹேமர் ஸ்பிரிங்கை 23 பவுண்டிலிருந்து குறைத்திருந்தால் பென்சில் சோதனை போதும்: ரப்பர் முனை உள்ளே போகும்படி பேரலில் பென்சிலை விட்டு, மேல் நோக்கிப் பிடித்து இழுத்தால் பென்சில் துள்ளி வெளியே விழ வேண்டும். சோம்பேறித்தனமாக அசைந்தால் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்றும் பகுதி) வெடிக்காமல் ஏமாற்றும். சைட் மட்டும் சரியாக இருந்தது.

போகிற போக்கில் அதே கடை "மேஜர் உறுதி" என்று ரீலோட் தோட்டாவையும் (சுட்ட கூட்டில் மீண்டும் ஏற்றியது) தலையில் கட்டியது. போட்டியில் தோட்டாவின் வலுவைப் பவர் ஃபேக்டரை வைத்து மேஜர், மைனர் என்று பிரிப்பார்கள். பவர் ஃபேக்டர் என்பது குண்டின் கிரெயின் எடையை வினாடிக்கு அடி வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது, யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் மேஜருக்கு 165 வேண்டும். 200 கிரெயின் குண்டு குரோனோகிராஃபில் 815 அடி காட்டியது. 163. மைனர். இலக்கின் சி ஸோனுக்கு 4 புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் 3, டி ஸோனுக்கு 2க்குப் பதில் 1. சிங்கிள் ஸ்டாக்கில் மைனர்காரர் மேகசினில் 10 போட்டுக்கொண்டு வருவார், .45 வைத்திருப்பவர் 8ஓடு அதே மைனர் புள்ளிக்கு ஓட வேண்டும். 850 அடி, அதாவது 170, இருந்தால்தான் வெயில் குளிர் மாறினாலும் நிம்மதி. விற்பனைக்கு ரீலோட் செய்பவருக்கு டைப் 06 அல்லது 07 லைசென்ஸ் வேண்டும், அதைக் கேளுங்கள். கன்ஸ்மித்துக்கு டைப் 01 அல்லது 07. கன்ஸ்மித்தின் லைசென்ஸ் எண்ணின் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களை, லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான ஏ.டி.எஃப்.பின் ஈஸி செக் தளத்தில் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். துப்பாக்கியை ஓர் இரவு வைத்துக்கொண்டாலே அவர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். "அதெல்லாம் எதற்கு" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும்போது பாகங்களைப் போட்டோ எடுங்கள். வேலைச் சீட்டில் எண்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை பவுண்டு, எந்தத் தயாரிப்பின் சியர், எந்தப் பேரல். கெட்டுப் போனால் அதே மேஜைக்குத் திருப்பி அனுப்பாமல், வேறொரு கன்ஸ்மித்திடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபணை போய்ச் சேர வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடை கேட்டதும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு நீட்டியது, "பழைய ஹேமர், பழைய சியர்" என்று மேலே எழுதி. அந்த ஹேமரில் அரைக் காக் இடத்தில் பள்ளம் இல்லை, தட்டையான படிதான் இருந்தது. அது கோல்ட் நிறுவனத்தின் பிந்தைய வடிவமைப்பான சீரிஸ் 80 ஹேமர். கொடுத்த துப்பாக்கி முந்தைய சீரிஸ் 70.