காரங்காட்டுக் கழிமுகத்தில் ஒரு காலை

ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே போனால் காரங்காடு. அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். தோள்பையை மாட்டிக்கொண்டு அக்கா மகனோடு போயிருந்தேன்.

இருபுறமும் அலையாத்திக் காடு, உப்புத் தண்ணீரில் வளரும் மரங்கள். கரைச் சேற்றில் பென்சில் நட்டதுபோல ஆயிரக்கணக்கில் சுவாச வேர்கள். அவற்றினூடே ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் சின்ன நண்டுகள். படகோட்டும் அண்ணன் ஒரு கிளை அருகே நிறுத்தி, "இலையத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்கம்மா" என்றார். நல்ல உப்பு! வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறதாம். பையன் நாலு இலை தொட்டுப் பார்த்துவிட்டான். இறால் குஞ்சு எங்கே வளரும், புயலில் இந்த மரங்கள் எப்படிக் காக்கும் என்றெல்லாம் அவர் சொன்னதற்கே காசு தகும்.

அப்புறம் கடற்கரைக் கிராமங்களைப் பார்க்க வெளியே ஒரு ஜீப் பிடித்தோம். அதுதான் சரியில்லை. உவர்மண்ணில் சக்கரம் புதைந்து ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். வண்டியில் ஒரு கயிறுகூட இல்லை.

படகுக்குக் காலையிலேயே போங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.