குதிரைப்படைப் படங்கள் கேட்டு 1,850 ரூபாய் இழந்தேன்: டிவிடி வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஆங்கிலப் பட டிவிடி விற்கும் இணையக் கடை ஒன்றில் 1,850 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். பார்சலைப் பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. வயிறு இன்னும் எரிகிறது.

நான் கேட்டது ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் அமெரிக்கக் குதிரைப்படைப் படங்கள் மூன்று: ‘ஃபோர்ட் அப்பாச்சி’ (1948), ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’ (1949), ‘ரியோ கிராண்டே’ (1950). தொலைபேசியில் பேசியவர், “நடுவில் உள்ளது மட்டும்தானே சார் வண்ணப்படம்?” என்று அவராகவே கேட்டார். அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! உடனே பணம் அனுப்பினேன்.

வந்தது ஒரே தட்டு. அட்டையில் அந்த மூன்று படங்களிலும் நடித்த ஜான் வெய்ன். உள்ளே அவர் நிழல்கூட இல்லை. எழுபது நிமிடம் ஓடும் ஏதோ மலிவுப் படம். பிடிவாதக்கார கர்னல், அவர் மகள், செவ்விந்தியர் பக்க நியாயம் தெரிந்த இளம் லெப்டினன்ட், திருட்டுத் துப்பாக்கி விற்கும் வியாபாரி. ‘ஃபோர்ட் அப்பாச்சி’யிலும் பிடிவாதக்கார அதிகாரி உண்டு, ஆனால் ஹென்றி ஃபோண்டாவின் பிடிவாதத்துக்குப் பின்னால், எல்லைக்கோடியில் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்ற குமைச்சல் இருக்கும். இந்தக் கர்னல் கத்துகிறார், அவ்வளவுதான். சண்டைக் காட்சிகள் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை. தூரத்தில் வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வருபவர், கிட்டே வந்ததும் பழுப்புக் குதிரையில் இருக்கிறார். நள்ளிரவாம், தரையில் உச்சிவெயில் நிழல்! “இந்தக் குதிரை இப்போதுதானே விழுந்தது?” என்றாள் மனைவி. மூன்றாம் முறையும் அதே குதிரை விழுந்தது. ஃபோர்டின் படங்களில் வரும் மானுமென்ட் பள்ளத்தாக்கின் செம்பாறைகளைக் காண உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது ஒரு கற்குவியல்.

அழைத்தேன். “உறை பிரித்ததைத் திரும்ப எடுப்பதில்லை.” பிரிக்காமல் எப்படிப் படம் பார்ப்பதாம்? மறுநாள், “அதுவும் குதிரைப்படைப் படம்தானே சார்?” என்றார் அதே மனிதர். மூன்றாம் அழைப்பு மணியடித்துத் துண்டிக்கப்பட்டது. 1,850 ரூபாய்!

எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அட்டையின் பின்பக்கப் படத்தை முதலில் கேளுங்கள். ஆண்டும் ஓடும் நேரமும் பாருங்கள். ‘ஃபோர்ட் அப்பாச்சி’ இரண்டு மணி நேரத்துக்கு மேல். பார்சல் பிரிப்பதைக் கைப்பேசியில் படம்பிடியுங்கள். முன்பணம் வேண்டாம். அந்த விளம்பரம் இன்று காலையும் இருந்தது, அதே ஜான் வெய்ன் அட்டையோடு.